ரே டூலியின் பதினாறாவது அட்டை

ஹோர்சன்ஸ் நகரில் மரியதாசனைத் தெரிந்த எல்லோரும் அவரை நல்ல மனிதர் என்றுதான் சொன்னார்கள். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட மாட்டார். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் ஒருநாள்கூடச் சுகமில்லை என்று சொல்லி வேலைக்குப் போகாமல் நின்றதில்லை. அவரைப் புகழும்போது சனங்கள் இதையெல்லாம் வரிசையாகச் சொல்வார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்பார். அடக்கம் என்று நினைத்தார்கள். அவருக்கு மட்டுந்தான் காரணம் தெரியும்.

மட்டக்களப்பில் பிறந்தவர். எண்பத்தாறாம் ஆண்டு வசந்தத்தில் அகதியாக டென்மார்க்குக்கு வந்தபோது வயது முப்பத்தைந்து. மனைவி மேரிசெலினும் நாலு வயது மகள் பற்றிமாவும் ஊரில் இருந்தார்கள். ஹோர்சன்ஸில் இரண்டாம் மாடியில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு கிடைத்தது. யாழ்ப்பாணத்து நிர்மலன் என்ற இளைஞனோடு அதைப் பகிர்ந்துகொண்டார். நிர்மலனுக்குப் பின்னேர வேலை, இவருக்குக் காலை வேலை. ஆகவே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அதிகம் கண்டதில்லை. பகல் இரண்டரைக்கு மரியதாசன் கதவைத் திறக்கும்போது உள்ளே ஒருவரும் இருக்க மாட்டார்கள். கதவில் இருந்த துவாரத்தால் தபால்காரன் தள்ளிவிட்ட கடிதங்கள் மட்டும் தரையில் கிடக்கும்.

அந்தத் தரையைப் பார்க்க அவருக்குப் பயம். மேரிசெலினின் நீல வான்கடிதம் கிடந்தால், அதற்குள் யார் செத்தார்கள், யார் பிடிபட்டார்கள் என்று எழுதியிருக்கும். ஒன்றும் கிடக்காவிட்டால் அது இன்னும் மோசம். கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, சோறு வைத்து, முகம் கழுவி, கடைசியில்தான் திறப்பார்.

அமெரிக்காவிலிருந்து வந்த உறைகளுக்கு மட்டும் அவர் பயப்படவில்லை.

அவர் படித்த மட்டக்களப்புப் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கக் குருவானவர்கள் சிலர் படிப்பித்தார்கள். அவர்களில் ஃபாதர் லாம்பர்ட் என்பவர் மாலையில் அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு பையன்களுக்குப் பேஸ்போல் பழக்கினார். எல்லே என்ற ஊர் மட்டைப்பந்து விளையாடிய பையன்களுக்கு அது சுலபமாகவே வந்தது. மரியதாசன் மட்டை பிடிப்பதில் கெட்டிக்காரன் இல்லை. பந்து அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, எறியும் பந்தைக் கையுறையில் வாங்கும் இடத்தில் அவரை ஃபாதர் நிறுத்தினார். அந்த இடத்தில் அவர் நன்றாக விளையாடினார். பதினாலாவது வயதில், கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டமொன்றின் முடிவில் ஃபாதர் தன் செபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். ரே டூலி என்ற ஆட்டக்காரனின் படம் போட்ட அட்டை. ஃபாதரின் ஊர்க்காரன், அதே குந்தியிருக்கும் இடத்துக்காரன். பெரிய நட்சத்திரம் ஒன்றுமில்லை. ஐம்பதுகளில் ஏழெட்டு வருடம் விளையாடி, முழங்கால் உடைந்து, ஒதுங்கிப்போனவன். படத்தில் முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் கூரையோடு சேர்த்து அந்த அட்டையும் போனது. அவர் அதற்காக அழவில்லை. வீட்டையே காணவில்லை, அட்டைக்கு யார் அழுவார்கள்?

ஹோர்சன்ஸ் நூலகத்தில் ஆங்கிலச் சஞ்சிகைகள் இருந்தன. டேனிஷ் புரியாத முதல் மாதங்களில் அங்கே போய் உட்கார்ந்திருப்பார். ஒரு சஞ்சிகையின் பின்பக்கத்தில் சின்ன விளம்பரம்: பழைய பேஸ்போல் அட்டைகள் தபாலில் விற்கப்படும், பட்டியலுக்கு எழுதவும். ஃபாதர் பழக்கிய ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிப் போட்டார். ரே டூலி என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா?

மூன்று வாரத்தில் தடித்த உறையொன்று வந்தது. அச்சடித்த பட்டியல் புத்தகம், அதில் ரே டூலியின் பெயர் வந்த இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடு. கூடவே ஹொவார்ட் என்று கையொப்பமிட்ட குறிப்பு: "ரே டூலியைக் கேட்டு எழுதிய முதல் மனிதர் நீங்கள். டென்மார்க்கிலிருந்து என்பதை என் மனைவி நம்பவில்லை."

அன்றைக்கு மரியதாசன் தனியாக இருந்து சிரித்தார். அந்த வீட்டில் அவர் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அப்படித் தொடங்கியது. மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. ரே டூலி மட்டையோடு, ரே டூலி முழங்காலில், ரே டூலி கையால் நிறந்தீட்டிய படமாக. அட்டைகள் இரண்டு கடினத் தாள்களுக்கு நடுவே ஒட்டுநாடா போட்டு வரும். அதை உரிப்பதற்கென்றே ஒரு சின்னக் கத்தி வைத்திருந்தார். நிர்மலன் ஒருநாள் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"ஆர் அண்ணை இது? சொந்தக்காரரோ?"

"இல்ல தம்பி. சும்மா ஒரு ஆள்."

"சும்மா ஒரு ஆளுக்கு இவ்வளவு மரியாதையோ?" என்று சிரித்துக்கொண்டு போனான்.

எண்பத்தேழு பெப்ரவரியில் குடும்பத்தை அழைப்பதற்கான விண்ணப்பத்தைப் பொலிஸ் நிலையத்தில் கொடுத்தார். அதை நிரப்ப உதவியவர் கியஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒவ்வொரு வியாழக்கிழமை பின்னேரமும் தேவாலய மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, தமிழர்களுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவார். "பொலிஸிலிருந்து எது வந்தாலும் உடனே கொண்டு வா, மரியதாஸ்," என்று மெதுவான டேனிஷில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். அதே வாரத்தில், தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த பேதுருவும் தன் மனைவி விஜிதாவுக்கு விண்ணப்பித்தான்.

ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை. கதவைத் திறந்தபோது தரையில் இரண்டு உறைகள் கிடந்தன. ஒன்று பொலிஸ் முத்திரையிட்ட மண்ணிற உறை. மற்றது ஹொவார்டின் உறை.

அதுவரை ரே டூலியின் அட்டைகள் பதினைந்து சேர்ந்திருந்தன. கிடைப்பதற்கு அரிய இன்னோர் அட்டை உண்டு என்று ஹொவார்ட் முன்பே எழுதியிருந்தார். அது கடையில் விற்கப்படவில்லை. ஐம்பத்தைந்தாம் ஆண்டில் ஒரு பாண் கம்பனி, ரொட்டி சுற்றிவரும் தாளின் முத்திரைகளை வெட்டி அனுப்பும் சிறுவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பிய அட்டை. அனுப்பிய சிறுவர்கள் கொஞ்சப்பேர், பத்திரமாக வைத்திருந்தவர்கள் அதிலும் கொஞ்சப்பேர். ஏழு மாதமாக ஹொவார்ட் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

மரியதாசன் இரண்டு உறைகளையும் கையில் எடுத்தார். எந்த உறையில் தன் வாழ்க்கை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மற்றதைத் திறந்தார். முகமூடியை நெற்றிக்கு மேலே தள்ளி, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிய அதே படம். ஃபாதர் லாம்பர்ட் கொடுத்த அட்டை அதுதான். சூறாவளியில் போனது, எட்டரை வருடத்துக்குப் பிறகு திரும்பக் கையில் வந்திருக்கிறது. பின்பக்கத்தில் எவனோ ஒரு சிறுவன் பென்சிலால் தன் பெயரை எழுதியிருந்தான். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கியஸ்டனின் மேசை ஆறு மணிக்கு மூடும். மணியைப் பார்த்தபோது ஆறேகால்.

அடுத்த வியாழன் கொண்டுபோவோம் என்று பொலிஸ் உறையைத் திறக்காமலே, ஹொவார்டின் பட்டியல் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை அலமாரியில் வைத்தார்.

அடுத்த வியாழன் மேலதிக வேலை. அதற்கடுத்த வியாழன் ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன், மண்டபத்தில் மேசை இல்லை. பிறகு அந்த உறை அவருடைய மனதிலிருந்து நழுவிவிட்டது. மறந்துவிட்டேன் என்று பிற்காலத்தில் அவர் தனக்குத் தானே பலமுறை சொல்லிக்கொண்டார். அது முழு உண்மை இல்லை என்றும் அவருக்குத் தெரியும். ஏனென்றால் ஆகஸ்ட் மாதத்தில் பேதுரு வீட்டுக்கு வந்தான், கையில் கேக் பெட்டியோடு.

"அண்ணே, விஜிதா வாற கிழமை வாறா! விசா குடுத்திட்டாங்க!" என்று கட்டிப்பிடித்தான். "உங்களுக்கு என்ன மாதிரி?"

"எனக்கு இன்னும் ஒண்டும் வரல்ல," என்றார் மரியதாசன்.

சொல்லும்போதே மண்ணிற உறை கண்ணுக்குள் வந்து போனது. அலமாரி மூன்றடி தூரத்தில் இருந்தது. எழும்பி எடுத்திருக்கலாம். அதற்குள் என்ன இருக்கும் என்ற பயம் அவரை எழும்ப விடவில்லை. பேதுருவுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். அந்த மாதம் முழுவதும் அந்தப் பட்டியல் புத்தகத்தைத் தொடவேயில்லை.

செப்டெம்பர் கடைசியில், அறையில் தனியாக இருந்த ஒரு பின்னேரம், உறையைக் கிழித்தார். ஒரே ஒரு தாள். அகராதியை வைத்துச் சொல் சொல்லாக வாசித்தார். திருமணப் பதிவின் பிரதியும் பிள்ளையின் பிறப்புப் பதிவும் வேண்டும். ஆறு வாரத்துக்குள் வராவிட்டால் விண்ணப்பம் மூடிவைக்கப்படும்.

இரண்டு பதிவுகளும் அவருடைய கட்டிலுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறைக்குள், ஊரிலிருந்து கொண்டுவந்தபடியே இருந்தன.

கியஸ்டனிடம் போனார். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் போனார். தாளின் திகதியைப் பார்த்து அந்த மனுசி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏப்ரல்! இது இப்போதா உனக்குக் கிடைத்தது?"

"ஓம்," என்றார். பிறகு டேனிஷில் தடுமாறிச் சொன்னார்: "பக்கத்து வீடு. பிழையான கதவு."

கியஸ்டனுக்கு வந்த கோபத்தை அவர் மறக்கவே இல்லை. அவருக்காக, தபாலுக்கு எதிராக வந்த கோபம். அந்த இடத்திலேயே தட்டச்சு இயந்திரத்தை இழுத்துவைத்து, இந்த மனிதர் எந்தத் தவறும் செய்யாதவர், கடிதம் வேறு கதவில் போடப்பட்டிருந்தது என்று பொலிஸுக்கு ஒரு பக்கம் எழுதினார். மரியதாசன் கையொப்பமிட்டார். பொலிஸ் விண்ணப்பத்தை மீண்டும் திறந்து மேலிடத்துக்கு அனுப்பியது.

அந்த இலையுதிர் காலத்தில்தான் தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாம் அப்படியே நின்றன. ஏன் நிற்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில். அமைச்சர் சட்டத்தை மீறி அவற்றை அடுக்கிவைக்கச் சொன்னார் என்பது பிறகுதான் வெளியே வந்தது. கோடைக்குள் முடிவான விண்ணப்பங்கள் தப்பிக்கொண்டன. மரியதாசனுடைய விண்ணப்பம் நேராக அந்த அடுக்குக்குள் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஜனவரியில் மேரிசெலினின் கடிதம் வந்தது. மார்கழியில் பற்றிமாவுக்குக் காதுக்குள் சீழ் வைத்திருக்கிறது. ஊரடங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை. ஏழாம் நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சோதனைச் சாவடிகளில் கெஞ்சிக் கெஞ்சிப் போயிருக்கிறாள். வலது காது இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீங்க யோசிக்காதங்க. மற்றக் காது நல்லாக் கேட்குது. அங்க இருந்து காயிதம் ஏதும் வந்தாச் சொல்லுங்க" என்று முடித்திருந்தாள்.

அந்தக் கடிதத்தோடு மரியதாசன் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிர்மலன் வந்து தட்டும் வரைக்கும் வெளியே வரவில்லை. அட்டைகளை ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டு, நாடா ஒட்டி, கட்டிலுக்குக் கீழே தள்ளினார். இனி இல்லை என்று மாதாவின் படத்துக்கு முன்னால் சொன்னார். அந்த வாக்கும் ஐந்து மாதந்தான் நின்றது. எந்தப் பக்கத்திலிருந்தும் ஒன்றும் வராத ஒரு ஜூன் மாதத்தில், வெறுந்தரையைப் பார்க்க முடியாமல் ஹொவார்டுக்கு எழுதிப் பதினேழாவதாக இன்னொன்றை வாங்கினார். அதைப் பற்றி நினைக்கும்போதுதான் அவருக்கு அதிகமாகக் கூசும். முதல் தவறுக்காவது விளையாட்டுத்தனம் என்று பெயர் வைக்கலாம். இதற்குப் பெயரே இல்லை.

எண்பத்தொன்பதில் விஷயம் பத்திரிகைகளில் வெடித்தது. அடுக்கிவைத்த விண்ணப்பங்கள் அசைந்தன. ஜூலை மாதம் மேரிசெலினும் பற்றிமாவும் கொபென்ஹாகன் விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள்.

பற்றிமாவுக்கு ஏழு வயது ஆகியிருந்தது. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தவளை மரியதாசன் வலது பக்கத்திலிருந்து கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. இன்னும் கிட்டப் போய்க் கூப்பிட்டார். திரும்பவில்லை. மேரிசெலின்தான் பிள்ளையின் தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டாள்.

"இஞ்சால நிண்டு கூப்பிட்டாக் கேட்காது அவளுக்கு," என்றாள், சாதாரணமாக, வீட்டு விஷயம் சொல்வதைப்போல.

ரயில் கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடந்தபோது பிள்ளை யன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தாள். மேரிசெலின் அவர் தோளில் சாய்ந்து நித்திரையானாள். அவர் அசையாமல் இருந்தார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் கியஸ்டன் அவர்களுடைய புது வீட்டுக்கு உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தார். சட்டத்தை மீறிப் பிரித்துவைக்கப்பட்ட குடும்பம் ஒன்றின் படம் அவர்களுக்கு வேண்டும். மேரிசெலின் புதுச் சேலை உடுத்தாள். பத்திரிகைக்காரர் கேட்டார், கியஸ்டனே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், பக்கத்து வீட்டுக் கதவில் போன கடிதம் உட்பட. மரியதாசன் தலையாட்டினார். சனிக்கிழமைப் பத்திரிகையில் மூன்று பேரும் சோபாவில் இருக்கும் படம் பெரிதாக வந்தது. மேரிசெலின் அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். மூன்றரை வருடம் அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் அவர் சோறு சாப்பிட்டார்.

தொண்ணூற்றுமூன்று ஜனவரியில், அடுக்கிவைத்த விண்ணப்பங்களைப் பற்றிய விசாரணை அறிக்கை வந்தது. அரசாங்கமே பதவி விலகியது. அந்த ஞாயிறு பூசைக்குப் பிறகு தேவாலய மண்டபத்தில் தமிழர்களும் டேனிஷ்காரர்களும் கூடினார்கள். நிர்மலன் இப்போது சங்கத்தின் செயலாளர். ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னான்:

"எங்கட மரியதாஸ் அண்ணை ரெண்டு சொல் கதைப்பார். எங்களில ஆகக் கூடப் பொறுமையா இருந்த மனிசன்."

கை தட்டினார்கள். அவர் எழுந்து போனார். முன்வரிசையில் கியஸ்டன், கேக் வெட்டும் கத்தி இன்னும் கையில். அவருக்குப் பக்கத்தில் மேரிசெலினும், தலையைச் சற்றே சரித்து இடது காதை மேடைப் பக்கம் கொடுத்திருந்த பற்றிமாவும். மரியதாசன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பிறகு ஒலிவாங்கியை மேசையில் வைத்துவிட்டு இறங்கினார். யாரோ விம்மினார்கள். ஆட்கள் எழுந்துவந்து அவர் கைகளைப் பிடித்தார்கள். ஒரு கிழவர் அவர் நெற்றியில் முத்தமிட்டார். அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் பற்றிமா தோழியிடம் போய்விட்டாள். மரியதாசன் சப்பாத்துப் பெட்டியை இழுத்து எடுத்து, சமையலறை மேசையில் வைத்தார். மண்ணிற உறையும் அதற்குள்தான் இருந்தது.

"இதென்ன?" என்றாள் மேரிசெலின்.

உட்காரச் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே சொன்னார். எல்லாவற்றையும். வியாழக்கிழமை, பாண் கம்பனி, பேதுருவின் கேக், பிழையான கதவு, ஜூன் மாதம் வாங்கிய பதினேழாவது. முடிந்த பிறகு அவள் உறையிலிருந்து தாளை எடுத்துத் திகதியைப் பார்த்தாள்.

"சித்திரை."

"ஓம்."

"விஜிதா வந்தது எப்ப?"

"ஆகஸ்ட்."

அவள் விரல்களை மடக்கினாள். ஆவணி, புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. மார்கழியில் விரல் நின்றது.

"நான் அந்த ஆறு நாளும் என்ன செஞ்ச தெரியுமா?" என்றாள். "உங்களுக்குக் காயிதம் வரோணும் எண்டு செபமாலை சொன்ன. புள்ளைய மடியில வச்சுக்கொண்டு."

அவர் சடாரென்று அட்டைகளை அள்ளினார். "எல்லாத்தையும் எரிச்சுப்போடுறன், செலின். இப்பவே."

"வையுங்க."

"வேணாம், எனக்கு இது..."

"வையுங்க எண்டு நான் சொன்ன. எரிச்சுப்போட்டு நீங்க நிம்மதியா இருக்கிறதுக்கா?" அவள் குரல் உயரவில்லை. "அது அங்கயே கிடக்கட்டும். கட்டிலுக்குக் கீழ வேணாம். ஆக்கள் பாக்கிற இடத்தில."

சுவரில் இருந்த பத்திரிகைப் படத்தைக் கழற்றினாள். அந்த இடத்தில் வெளிறிய சதுரம் தெரிந்தது. பெட்டியை வானொலிக்குப் பக்கத்தில் வைத்தாள். அன்றிரவு பற்றிமாவின் அறையில் படுத்தாள். கிட்டத்தட்ட இரண்டு மாதம் அங்கேதான் படுத்தாள்.

மகளுக்கு அவரே சொல்ல வேண்டும் என்றும் அவள்தான் சொன்னாள். மார்ச் மாதம் காதுப் பரிசோதனைக்காகப் பற்றிமாவை ஆர்ஹஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, காத்திருக்கும் அறையில் வைத்துச் சொன்னார். பதினொரு வயதுப் பிள்ளை. காலை ஆட்டிக்கொண்டு கேட்டாள். அவர் தமிழில் சொல்ல, அவள் வழக்கம்போல டேனிஷில் கேட்டாள்.

"அந்தக் கடிதத்தை ஏன் முதலில் திறக்கவில்லை?"

"பயமா இருந்தது."

"நான் என்றால் திறந்திருப்பேன்."

"ஓம். நீ திறந்திருப்பாய்."

அவள் மூலையிலிருந்த மீன்தொட்டியைப் பார்த்தாள். "எனக்கு இப்போது கோபம் வரவில்லை. பிறகு வரலாம்," என்றாள். தாதி பெயர் கூப்பிட்டபோது எழுந்து தனியாக உள்ளே போனாள். அவர் கூடப் போக எழுந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

கியஸ்டனிடம் சொல்வது வேறு விதத்தில் கடினமாக இருந்தது. அந்த மனுசி கேட்டுவிட்டு, அமைச்சர் செய்தது எப்படியும் குற்றம்தானே என்று சமாதானம் சொல்லப் பார்த்தார். மரியதாசன் விடவில்லை. "நீங்கள் எனக்காகப் பொய் எழுதினீர்கள். உங்களுக்குத் தெரியாமல் நான் எழுதவைத்தேன்," என்றார். கியஸ்டனின் முகம் சிவந்தது. அதன் பிறகு அவர் மரியதாசனோடு மரியாதையாகத்தான் பழகினார், ஆனால் முன்னைப்போலத் தோளில் தட்டவில்லை.

வைகாசியில் நிர்மலன் வீட்டுக்கு வந்தான். காக்கவைக்கப்பட்ட குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து அரசாங்கம் தங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடிதமொன்று அனுப்பப் போகின்றன. கையொப்பம் வேண்டும்.

"முதல் பேர் உங்கடதான், அண்ணை," என்று தாளை நீட்டினான். "அந்தப் பேப்பர்ப் படத்தையும் சேர்த்து அனுப்புவம் எண்டு இருக்கிறம்."

மரியதாசன் பேனாவைத் தொடவில்லை. மேரிசெலின் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை எடுத்தாள்.

"என்ட பேரையும் பற்றிமாட பேரையும் நான் போடுறன்," என்றாள். "அவங்க எங்கள ஒண்டரை வருசம் தடுத்ததுதான். அது பொய்யில்ல. இவர் போடமாட்டார்."

நிர்மலனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் என்று அவரைப் பார்த்தான். மேரிசெலினும் அவரைப் பார்த்தாள், உதவிக்கு வராமல்.

"இரு தம்பி," என்றார் மரியதாசன். "கொஞ்சம் நேரம் எடுக்கும்."

சொல்லி முடித்தபோது தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. ஒரே அறையில் அவரோடு மூன்று வருடம் இருந்த நிர்மலன் தாளை மடித்தான். பிறகு மடித்ததைத் திரும்ப விரித்து, மேரிசெலின் ஒப்பமிட்ட இடம் கசங்கவில்லை என்று பார்த்துக்கொண்டான்.

"சனம் கேட்டா நான் என்ன சொல்ல அண்ணை?"

"நடந்ததைச் சொல்லு."

"எல்லாருக்குமோ?"

"எல்லாருக்கும்."

நிர்மலன் வாசலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனான். மேரிசெலின் கோப்பைகளை எடுத்தாள். ஆறிய தேத்தண்ணியைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, அவருக்கு மட்டும் சூடாக ஒன்று போட்டு வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மூன்று பேரும் ஒன்றாகவே நடந்து போனார்கள். மண்டபத்து வாசலில் நின்றவர்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மரியதாசன் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு உள்ளே போனார். சிலர் பதில் வணக்கம் சொன்னார்கள்.